முன்பதிவு செய்த திருடன்

அத்தியாயம் ஐந்து

திருட்டுப் போன சைக்கிளைத் துரத்திக்கொண்டு, சைக்கிளையே ஏற்றாத ரயிலில் போய்க்கொண்டிருந்தோம். நமக்கென்று வாய்க்கிறது பாருங்கள் என்றேன். ரோஸ்விதா கேல் ஒரு பக்கத்தைப் புரட்டினார். அவர் மடியில் ரயில் கால அட்டவணைப் புத்தகம் விரிந்து கிடந்தது. இருபத்திரண்டு வருடம் ரயிலில் டிக்கெட் பரிசோதித்துவிட்டுத் துப்பறியும் தொழிலுக்கு வந்தவர் அவர். மற்ற துப்பறிவாளர்கள் கைரேகை பார்ப்பார்கள், எங்கள் மேடம் பிளாட்பாரம் எண் பார்ப்பார்.

நான் மால்டே, அவருடைய உதவியாளன். அதற்கு முன் லூனபுர்க் உப்பு மியூசியத்தில் வழிகாட்டியாக இருந்தேன். ஊர் வரலாற்றில் இல்லாத இரண்டு ராஜாக்களை நானாகச் சேர்த்துவிட்டேன் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சுற்றுலாக்காரர்களுக்கு அந்த இரண்டு பேரைத்தான் ரொம்பப் பிடித்திருந்தது.

எதிர் சீட்டில் எங்கள் வாடிக்கையாளர் ஹெட்டா டீடமன். வயது அறுபத்தொன்று. பள்ளிக்கூடச் சமையலறையிலிருந்து ஓய்வு பெற்றவர். தலையில் சைக்கிள் ஹெல்மெட். காலை ஏழரை மணிக்கு யூல்சன் ஸ்டேஷன் மாடியில் இருக்கும் எங்கள் அலுவலகத்துக்குள் நுழைந்தபோது மாட்டியிருந்ததை இன்னும் கழற்றவில்லை. ஓட்ட வண்டி இல்லாமல் ஹெல்மெட் எதற்கு என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. அவர் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன்.

நடந்தது இவ்வளவுதான். பெந்தெகொஸ்தே விடுமுறை வாரம். பஸ்ஸாவ் போய் இறங்கி, அங்கிருந்து டான்யூப் கரையோரமாக வியன்னா வரை சைக்கிள் மிதிக்க நாட்டில் பாதிப் பேர் கிளம்புகிற நேரம். நீண்டதூர ரயிலில் சைக்கிளுக்கும் இடம் பதிவு செய்தாக வேண்டும். ஒரு ரயிலுக்கு, சைக்கிளைத் தொங்கவிடப் பதினாறு கொக்கி. ஆறு வாரத்துக்கு முன்பே எல்லாம் தீர்ந்துவிடும். மனிதனுக்கு எப்படியாவது இடம் கிடைக்கும், சைக்கிளுக்குக் கிடைக்காது. ஹெட்டா அம்மாளுக்கும் கிடைக்கவில்லை. ஆகவே பதிவே தேவைப்படாத உள்ளூர் ரயில்களில், ஆறு முறை மாறி மாறி, விடிகாலை கிளம்பி மாலை ஏழு மணிக்குப் பஸ்ஸாவ் சேருவது என்று திட்டம் போட்டார்.

முதல் மாற்றம் யூல்சனில். வண்டியைப் பிளாட்பாரத் தூணில் சாய்த்து, பின்சக்கரத்தைப் பூட்டிவிட்டுக் கழிப்பறைக்குப் போனார். அந்தக் கதவு ஐம்பது ஃபென்னிக் நாணயம் போட்டால்தான் திறக்கும். அவரிடம் இருந்தது ஒரு மார்க். சில்லறை மாற்றி, போய், திரும்பி வர எட்டு நிமிடம். தூண் இருந்தது, வண்டி இல்லை.

மேடம் விசாரணை செய்த விதத்தைச் சொல்ல வேண்டும். பிளாட்பாரத்தில் ரொட்டிக்கடை வைத்திருக்கும் பெண் பார்த்திருந்தாள். தொப்பி, கழுத்தில் டை, வயசான ஜென்டில்மேன் ஒருவர் அந்த வண்டியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு ஏழு இருபத்தொன்று ரயிலில் ஏறினாராம். ஏறுவதற்கு முன் செருப்பு மண்ணைத் தட்டிக்கொண்டாராம். ஹம்பர்கிலிருந்து வந்து பஸ்ஸாவ் போகும் நீண்டதூர ரயில் அது. போலீசுக்குப் போன் செய்வார் என்று நினைத்தேன். மேடம் ஹனோவர் ஸ்டேஷனுக்குப் போன் செய்து, அந்த ரயிலிலிருந்து சைக்கிள் எதையாவது இறக்கிவிட்டார்களா என்று கேட்டார். இல்லை என்றார்கள்.

போனை வைத்துவிட்டு மேடம் சொன்னார்: "திருடனுக்கு இடம் இருக்கு."

எனக்குப் புரியவில்லை. பதிவு இல்லாத சைக்கிளை எந்த நடத்துனரும் அடுத்த ஸ்டேஷன் தாண்டி விடமாட்டார், வண்டியோடு ஆளையும் சேர்த்து இறக்கிவிடுவார் என்று அவர் விளக்கினார். இறக்கவில்லை என்றால் அந்தச் சைக்கிளுக்குப் பதிவு இருக்கிறது. பதிவு இருக்கிறது என்றால் ஆறு வாரத்துக்கு முன்பே செய்யப்பட்டிருக்கிறது.

"அப்ப ஆறு வாரத்துக்கு முன்னாடியே இந்தத் திருட்டுக்கு இடம் போட்டு வச்சிருக்கானா?" என்றேன்.

"ஆமா. அதான் எனக்குப் பிடிபடல" என்றார் மேடம்.

எனக்கு உடனே பிடிபட்டது. ஆளுக்கு இடம் இருந்தது, கிளம்புகிற அன்று அவன் சொந்த வண்டி உடைந்துவிட்டது. பெந்தெகொஸ்தே வாரத்தில் கிடைத்த கொக்கியைக் காலியாகத் தொங்கவிட எவனுக்கு மனசு வரும்? வழியில் கண்ணில் பட்ட வண்டியை மாட்டிவிட்டான். எந்த நல்ல மனிதனும் அதைத்தான் செய்வான் என்றேன். மேடம் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அட்டவணைக்குத் திரும்பிவிட்டார்.

அந்த ரயில் பழைய பாதையில் ஊர் ஊராக நின்று போகிறது. ஹனோவரில் வேகவண்டியைப் பிடித்தால் அதை முந்திக்கொண்டு, பதினொரு நிமிடம் முன்னதாக ஃபுல்டாவில் இறங்கிவிடலாம். அப்படித்தான் இந்தப் பயணம். டிக்கெட்டும் ஃபுல்டா வரைக்கும்தான் எடுத்திருந்தோம். அங்கேயே ஆளைப் பிடித்து, அங்கேயே வண்டியை இறக்கி, அங்கேயே சாப்பிடுவது என்பது ஏற்பாடு.

காசலைத் தாண்டிய பிறகுதான் ஹெட்டா அம்மாள் முழுக்கதையையும் சொன்னார். ஒரு பழைய சைக்கிளுக்காக இவ்வளவு தூரம் ஓடி வருகிறாரே என்று நானும் நினைத்துக்கொண்டுதான் இருந்தேன்.

பஸ்ஸாவில் ஒருவர் காத்திருப்பார். பெயர் கெர்னோட் வீக்மன். ஹம்பர்க் துறைமுகப் படகில் டிக்கெட் கொடுத்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். பத்திரிகையில் வரன் விளம்பரம் பார்த்து ஹெட்டா அம்மாள் எழுத, அவர் பதில் எழுத, எட்டு மாதம் கடிதம் ஓடியிருக்கிறது. இரண்டு பேரும் போட்டோ அனுப்பிக்கொள்ளவில்லை. அவர் கேட்டாராம். ஹெட்டா அம்மாள் ஒரு படத்தை எடுத்து, கத்தரிக்கோலால் தன்னை வெட்டிவிட்டு, மிச்சத்தை அனுப்பினார். மிச்சத்தில் சைக்கிள்தான் இருந்தது.

"மூஞ்சியைப் பார்த்தா எழுதறதை நிறுத்திடுவாரோன்னு பயம்" என்றார். "கடிதத்துல நான் நல்லா இருப்பேன். அது எனக்கே தெரியும்."

பஸ்ஸாவில், மாலை ஏழு மணிக்கு, ஸ்டேஷன் வாசலில், பட்டாணி சூப் நிறத்தில் ஒரு சைக்கிள், முன்னால் பிரம்புக் கூடை. அதைத் தள்ளிக்கொண்டு வருகிறவர்தான் ஹெட்டா. வண்டி இல்லையென்றால் வாசலில் நிற்கிற நூறு பேரில் தானும் ஒருத்தி, அவர் அரைமணி நேரம் பார்த்துவிட்டுப் போய்விடுவார் என்றார். போய்ப் பேசினால் என்ன என்று கேட்டேன். எட்டு மாதமாக ஒருவருக்குச் சைக்கிளாகவே இருந்துவிட்டுத் திடீரென்று ஆளாகப் போய் நிற்கத் தைரியம் இல்லை என்றார். அதற்கு மேல் நான் கேலி பேசவில்லை.

"இதுல இன்னொண்ணும் இருக்கு" என்று மட்டும் மேடத்தின் காதில் சொன்னேன். "நாம பிடிக்காம விட்டா, திருடன் அந்த வண்டியைத் தள்ளிக்கிட்டு வாசலுக்கு வருவான். மாப்பிள்ளை அவனுக்குப் பூச்செண்டு கொடுப்பார்."

ஃபுல்டாவில் பதினொன்று ஐந்துக்கு ரயில் வந்தது. நேராகச் சைக்கிள் பெட்டியில் ஏறினோம். பதினாறு கொக்கி, பதினாறு சைக்கிள். ஓரத்தில் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்க்காமல் நின்றுகொண்டிருந்தார்கள். பதினான்காம் கொக்கியில் தொங்க வேண்டியது பதினைந்திலும், பதினைந்தில் தொங்க வேண்டியது பதினான்கிலும் தொங்குகிறதாம். யார் முதலில் மாற்றுவது என்று ஹனோவரிலிருந்து வழக்கு நடக்கிறது. மாற்றினால் தவறை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும் என்று இரண்டு பேரும் தனித்தனியாக எனக்கு விளக்கினார்கள்.

பன்னிரண்டாம் கொக்கியில் பட்டாணி சூப் நிறம் தொங்கியது. ஹெட்டா அம்மாள் ஓடிப்போய் சீட்டைப் பிடித்துக்கொண்டார். பின்சக்கரப் பூட்டு பூட்டியபடியே இருந்தது. ஒரு கீறல் இல்லை. கூடை ஆடாமல் இருக்க யாரோ ஒரு கைக்குட்டையை மடித்து அடியில் செருகியிருந்தார்கள்.

ஹேண்டில்பாரில் சைக்கிள் டிக்கெட்டின் அட்டை, இரட்டை முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தது. எங்கள் ஊரில் ரயிலில் ஏறுகிற சைக்கிள் ஒவ்வொன்றுக்கும் அது கட்டாயம். பெயர், ஊர், இறங்குமிடம், கொக்கி எண். திருடன் அதை வெற்றாக விட்டிருப்பான் என்று நினைத்துக்கொண்டு திருப்பினேன். எல்லாக் கட்டமும் நிரப்பியிருந்தது. உரிமையாளர்: ஹெட்டா டீடமன், லூனபுர்க். யூல்சனிலிருந்து பஸ்ஸாவ் வரை. வழங்கிய இடம் ஹம்பர்க், வழங்கிய தேதி ஆறு வாரமும் இரண்டு நாளும் முந்தியது.

"மேடம்" என்றேன். "திருடன் திருடப் போற வண்டிக்கு, பறிகொடுக்கப் போறவங்க பேர்லயே, ஆறு வாரம் முன்னாடி டிக்கெட் எடுத்திருக்கான். இவனைப் பிடிச்சு ஜெயில்ல போடறதா, இல்ல ரயில்வேக்கு மந்திரி ஆக்கறதா?"

அதற்குள் நடத்துனர் வந்துவிட்டார். கிரோனர் என்று சட்டையில் பெயர். மேடம் விஷயத்தைச் சொன்னார். தன் ரயிலில் திருட்டு சைக்கிள் இருக்க வாய்ப்பே இல்லை என்று அவர் அமைதியாக மறுத்தார். டிக்கெட் இல்லாத சைக்கிளே இந்த ரயிலில் இல்லையாம்.

"டிக்கெட் இருந்தா திருட்டு வண்டி ஆகாதா?" என்று கேட்டேன்.

அவர் அட்டையைப் பார்த்தார். ஹெட்டா அம்மாளின் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தார். "எண் சரி. இடம் சரி. பேர் சரி. வண்டிக்குச் சொந்தக்காரங்க வண்டி பக்கத்துலயே நிக்கறாங்க. இதுல காணாமப் போனது என்னன்னு சொல்லுங்க, தேடித் தர்றேன்."

பிறகு எங்கள் டிக்கெட்டைக் கேட்டார். ரயில் ஃபுல்டாவை விட்டுக் கிளம்பி நாலு நிமிடம் ஆகியிருந்தது. ஆகவே அந்த ரயிலில் சட்டத்தை மீறியவர்கள் மொத்தம் மூன்று பேர், அந்த மூன்று பேரும் நாங்கள்தான் என்று தெரியவந்தது. கிரோனர் மூன்று பிரதியாக எழுத ஆரம்பித்தார். டிக்கெட் இல்லாதவரை விரட்டுவதையே வேலையாக வைத்திருந்த எங்கள் மேடம் அந்த வரிசையில் நின்ற அழகை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

ஹெட்டா அம்மாள் இதில் எதையும் கேட்கவில்லை. அட்டையை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது அவர் எழுத்து" என்றார்.

மேடம் திரும்பினார்.

"இந்த டீ எழுத்துக்கு மேல கோடு நீளமா இழுப்பார். எட்டு மாசமா பார்க்கறேன். இது கெர்னோட் எழுத்து. ஆனா அவர் நேத்தே பஸ்ஸாவ் போயிடறதா எழுதியிருந்தாரே."

மேடத்துக்கு அவ்வளவு போதும். இந்த டிக்கெட் எடுத்த தேதிக்கு முன்பே உங்கள் ரயில் நேரமெல்லாம் அவருக்கு எழுதினீர்களா என்று கேட்டார். ஆறு மாற்றத்தையும் பிளாட்பாரம் எண்ணோடு எழுதியதாக ஹெட்டா அம்மாள் சொன்னார். பிறகு மேடம் நடத்துனர் பக்கம் திரும்பி, பன்னிரண்டாம் கொக்கியோடு சேர்த்துப் பதிவான இருக்கைகள் எவை என்று கேட்டார். தொழில் மொழியில் கேட்டால் தொழில்காரர் பதில் சொல்லித்தானே ஆக வேண்டும். கிரோனர் பட்டியலைப் புரட்டினார். ஏழாம் பெட்டி, நாற்பத்தைந்து, நாற்பத்தாறு. நாற்பத்தைந்து ஹம்பர்கிலிருந்து, நாற்பத்தாறு யூல்சனிலிருந்து.

"ஆள் ரெண்டு" என்றார் மேடம். "சைக்கிள் எத்தனை?"

"ஒண்ணுதான்."

"கெர்னோட் சைக்கிள் எங்கே?"

கிரோனர் மறுபடி பட்டியலைப் பார்த்தார். வேறு எந்தக் கொக்கியிலும் அந்தப் பெயர் இல்லை. அந்த மனிதருக்குக் கிடைத்ததே ஒரு கொக்கி, அதை இந்த அம்மாளின் வண்டிக்குக் கொடுத்துவிட்டுத் தன் வண்டியை வீட்டிலேயே விட்டுவிட்டார் என்று மேடம் சொன்னார். யூல்சனில் ஓடி வந்து, உள்ளூர் ரயிலெல்லாம் வேண்டாம், இதில் வாருங்கள் என்று திகைக்கவைப்பது அவருடைய திட்டம். முகம் தெரியாது, தெரிந்தது சைக்கிள் மட்டும். சைக்கிள் நின்றது, இரண்டே நிமிடம் இருந்தது, வண்டி ஏறினால் பின்னாலேயே ஆளும் ஏறிவிடுவார் என்று தூக்கிவிட்டார்.

கிரோனர் எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றுவிட்டது.

"தன் சைக்கிளை விட்டுட்டா?" என்றார் மெதுவாக. "பெந்தெகொஸ்தே வாரத்துலயா?"

பதினான்காம் கொக்கியும் பதினைந்தாம் கொக்கியும் கூட ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எங்கள் நாட்டில் ஆண்கள் மோதிரம் வாங்கிக் கொடுப்பார்கள், வீடு கட்டிக் கொடுப்பார்கள். சைக்கிள் கொக்கியைக் கொடுத்த ஒருவனைப் பற்றி நான் அன்றுதான் கேள்விப்பட்டேன்.

ஹெட்டா அம்மாள் அப்போதுதான் ஹெல்மெட்டைக் கழற்றினார். தலைமுடி அழுந்திப் போயிருந்தது. ஜன்னல் கண்ணாடியில் பார்த்துக் கையால் தூக்கிவிட்டுக்கொண்டார். ஏழு மணிக்குத்தான் என்று நினைத்திருந்தேன், இப்போது மணி பதினொன்றரைகூட ஆகவில்லை, நான் தயாராக இல்லை என்றார். ஆனால் சொல்லிக்கொண்டே நடக்க ஆரம்பித்துவிட்டார்.

ஏழாம் பெட்டியில் நாற்பத்தைந்து காலியாக இருந்தது. நாற்பத்தாறில் ஒரு பெண்மணி உட்கார்ந்து குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். உயரம், வெள்ளிமுடி, கழுத்தில் முத்துமாலை, பார்க்க ஓவியம் மாதிரி இருந்தார். ஹெட்டா அம்மாள் அவரைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

இங்கே உட்கார்ந்திருந்தவர் எங்கே என்று மேடம் கேட்டார். அந்தப் பெண்மணி பென்சிலை வைத்துவிட்டு முறையாக வாக்குமூலம் கொடுத்தார். அவர் யூல்சனில் பதிவில்லாமல் ஏறினாராம். நாற்பத்தாறுக்கு மேல் பதிவுச் சீட்டு செருகியிருந்தது, ஆனால் ஆள் இல்லை. பதிவு செய்தவர் பதினைந்து நிமிடத்துக்குள் வராவிட்டால் யார் வேண்டுமானாலும் உட்காரலாம் என்பது விதி. ஆகவே கடிகாரத்தைப் பார்த்தபடி பதினைந்து நிமிடம் நடைபாதையில் நின்றார். ஜன்னலோரம் இருந்த ஜென்டில்மேன் அந்தப் பதினைந்து நிமிடமும் அவரைப் பார்த்துப் புன்னகை செய்துகொண்டே இருந்தார். நேரம் ஆனதும், "இப்ப உட்காரலாமா?" என்று அந்த ஜென்டில்மேன் கேட்டார். "இப்ப உட்காரலாம்" என்று சொல்லிவிட்டு இவர் உட்கார்ந்தார்.

எனக்கு அங்கேயே தலை சுற்றியது. கெர்னோட் அந்தச் சீட்டை ஹெட்டாவுக்காகப் பதிவு செய்திருக்கிறார். பதிவான சீட்டில் ஒருவர் வந்து உட்கார்ந்தால் அது ஹெட்டாதான். வெட்கத்தில் கால்மணி நேரம் நின்றிருக்கிறார் பாவம் என்று அவர் நினைத்திருப்பார். எங்கள் ஊரில் வேறு எவனுக்கும் வேறு விதமாக யோசிக்கத் தோன்றியிருக்காது. காகிதத்தில் இருப்பதை முகத்தைப் பார்த்துச் சந்தேகப்பட நாங்கள் பழகவே இல்லை.

அதற்குப் பிறகு அவர் பேச ஆரம்பித்தாராம். முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்றார். எனக்கு முழங்கால் வலியே கிடையாது என்றார் இவர். இந்த வருடம் பிளம் ஜாம் எத்தனை பாட்டில் என்றார். நான் இனிப்பு தொடுவதில்லை என்றார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்காகப் பருப்பு சூப்பில் ஆப்பிள் துருவிப் போட்ட கதையை மறுபடி சொல்லச் சொன்னார். சூப்பும் பிடிக்காது, பிள்ளைகளும் பிடிக்காது என்று இவர் உள்ளதைச் சொன்னார்.

கேள்விக்குக் கேள்வி ஹெட்டா அம்மாளின் முகம் மாறிக்கொண்டே வந்தது. எட்டு மாதம் அவர் எழுதிய ஒவ்வொன்றையும் அந்த மனிதர் நினைவு வைத்திருந்து, வேறு யாரோ ஒருத்தியிடம் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார்.

"கெட்டிங்கன் வந்தப்ப பேச்சை நிறுத்திட்டார்" என்றார் பெண்மணி. "அப்புறம் ரொம்ப நேரம் எதையோ எழுதி எழுதிக் கிழிச்சார். கொஞ்சம் முன்னாடி இந்தக் கவரைக் கொடுத்துட்டு, வூர்ட்ஸ்புர்கில இறங்கறேன், சைக்கிள் டிக்கெட் பஸ்ஸாவ் வரைக்கும் செல்லும்னு சொல்லிப் பெட்டியை எடுத்துட்டுப் போயிட்டார். எனக்குச் சைக்கிளே கிடையாது. பைத்தியம்னு நினைச்சேன், ஆனா மரியாதையான பைத்தியம்."

இடத்தை மாற்றிக்கொண்டிருக்கலாமே என்று கேட்டேன். பதினைந்து நிமிடம் நின்று வாங்கிய இடத்தை எதற்கு மாற்ற வேண்டும் என்று அவர் என்னைக் கேட்டார்.

கவரின் மேல் 'ஃப்ராவ் டீடமனுக்கு', அதாவது திருமதி டீடமனுக்கு, என்று நீளக் கோட்டோடு எழுதியிருந்தது. ஹெட்டா அம்மாள் வாங்கிப் பிரித்தார். நாலு வரி. நின்ற இடத்திலிருந்தே என்னாலும் படிக்க முடிந்தது.

"மதிப்புக்குரிய அம்மா, குற்றம் என்னுடையது. உங்கள் கடிதங்களில் இருந்தவரை இரண்டு மணி நேரம் உங்களிடம் தேடினேன், கிடைக்கவில்லை. தனிமையில் இருப்பவன் காகிதத்தில் இல்லாததையெல்லாம் படித்துவிடுகிறான். என்னை மன்னித்து, உங்கள் வண்டியில் நல்லபடியாகப் போய் வாருங்கள்."

ஹெட்டா அம்மாள் கடிதத்தை மடித்தார்.

"நல்லதாப் போச்சு" என்றார். "இவ்வளவு அழகா இருக்கறவங்களையே வேண்டாம்னு போறார். என்னைப் பார்த்திருந்தா ரெண்டு மணி நேரம்கூட ஆகியிருக்காது. எனக்கு என் சைக்கிள் கிடைச்சிடுச்சு. வாங்க, போகலாம்."

  அந்த அம்மாளுக்காக என் நெஞ்சு வலித்தது, அவ்வளவுதான்.

மேடம் ஜன்னல் பக்கம் பார்த்தார். திராட்சைத் தோட்டங்கள் சரிவில் இறங்கி வந்துகொண்டிருந்தன. ரயில் வேகம் குறைந்தது.

"வூர்ட்ஸ்புர்கில ரெண்டு நிமிஷம் நிக்கும்" என்றார். "வண்டியைக் கண்டுபிடிச்சுக் கொடுக்கச் சொன்னீங்க, கொடுத்துட்டோம். மிச்சம் என் வேலை இல்ல, ஃப்ராவ் டீடமன். உங்க வேலை."

ஹெட்டா அம்மாள் அசையவில்லை. பிரேக் பிடித்தது, ரயில் நின்றது, கதவுகள் திறந்தன. பிளாட்பாரத்தில் தொப்பி வைத்த ஒரு மனிதர், கையில் சிறு பெட்டியோடு, எங்கள் ஜன்னலைத் தாண்டி வெளியேறும் வழியைப் பார்த்து நடந்தார். குனிந்த தலையோடு நடந்தார். ஹெட்டா அம்மாள் அவரைப் பார்த்தார். அடுத்த நொடி நடைபாதையில் இரண்டு முதுகுப்பைக்காரர்களை இடித்துத் தள்ளிக்கொண்டு வாசலுக்கு ஓடினார். நானும் பின்னால் ஓடினேன்.

கதவருகே வந்து படியில் நின்றார். இறங்கவில்லை. கீழே கிரோனர், வாயில் விசில், கண் கடிகாரத்தில்.

"ஹெர் வீக்மன்" என்றார் ஹெட்டா அம்மாள்.

அவர் திரும்பினார். முன்பின் தெரியாத ஒரு பெண் தன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதைப் பார்த்து, பழக்கத்தில் தொப்பியைத் தூக்கினார்.

"அந்தச் சைக்கிள் என்னுது."

"மன்னிக்கணும். அது ஃப்ராவ் டீடமனோட வண்டி. அவங்க ஏழாம் பெட்டியில இருக்காங்க."

"அங்க இருக்கறது பதினஞ்சு நிமிஷம் காத்திருந்து இடம் பிடிச்ச அம்மா. நான் அப்ப யூல்சன்ல சில்லறை மாத்திட்டு இருந்தேன்." படிக் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார். "எனக்கு முழங்கால் வலி இருக்கு. ஜாம் இந்த வருஷம் பதினாலு பாட்டில். நீங்க விட்டுட்டு ஓடறது என்னை இல்ல."

கெர்னோட் வீக்மன் அப்படியே நின்றார். தூக்கிய தொப்பி தூக்கியபடி இருந்தது. அவர் ஹெட்டா அம்மாளின் அழுந்திய தலைமுடியைப் பார்த்தார், சிவந்த கன்னத்தைப் பார்த்தார், காகிதம் எதையும் தேடாமல் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சூப்?" என்றார்.

"ஆப்பிள் துருவிப் போட்டுத்தான்."

ரயில் கிளம்ப வேண்டிய நேரம் தாண்டிவிட்டது. கிரோனர் கடிகாரத்தைப் பார்த்தார், அந்த இரண்டு பேரையும் பார்த்தார், விசிலை ஊதவில்லை. பதினொரு வினாடி. பதினெட்டு வருட வேலையில் தன்னால் நேர்ந்த முதல் தாமதம் அதுதான் என்றும், அறிக்கையில் காரணத்தை என்னவென்று எழுதுவது என்றும் பிறகு மேடத்திடம் கவலைப்பட்டார். கெர்னோட் படியேறியதும் தன் பேனாவை எடுத்து எங்கள் மூன்று பேருடைய அபராதத்தையும் முடித்துக் கையில் கொடுத்தார். அது வேறு விஷயமாம்.

நாற்பத்தாறாம் சீட்டைக் கேட்டுப் பார்த்தோம். அந்தப் பெண்மணி மறுத்துவிட்டார், நடத்துனரும் அவர் பக்கம்தான். ஆகவே ஹெட்டா அம்மாளும் கெர்னோட்டும் சைக்கிள் பெட்டிக்கு வந்து, சுவரில் மடக்கிவைத்த சிறு இருக்கைகளை இறக்கி எதிரெதிரே உட்கார்ந்தார்கள். பதினான்காம் கொக்கிக்காரர் தன் ஃபிளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்தார். பதினைந்தாம் கொக்கிக்காரர் வெண்ணெய் தடவிய ரொட்டி கொடுத்தார். வழக்கு மட்டும் அப்படியே இருந்தது.

கோப்பில் இதை எந்தத் தலைப்பில் எழுதட்டும் என்று மேடத்தைக் கேட்டேன்.

"சைக்கிள் திருட்டுன்னே எழுது" என்றார். "கேட்காம எடுத்தது எடுத்ததுதான்."

 கடிதத்தில் பேசிப் பழகிய அந்த இரண்டு பேருக்கும் வாயால் எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. கடைசியில் கெர்னோட் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஏழாம் பெட்டியில் ஒரு கவர் கொடுத்துவிட்டு வந்தேன், அதைப் பார்த்தீர்களா என்று தரையைப் பார்த்துக் கேட்டார்.

"படிச்சேன்" என்றார் ஹெட்டா அம்மாள். "அது எனக்கு வந்தது இல்ல. எனக்கு வேற ஒண்ணு எழுதுங்க. பஸ்ஸாவ் வர மூணரை மணி நேரம் இருக்கு."

கெர்னோட் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார், பெட்டியை முழங்காலில் வைத்து அதன்மேல் காகிதத்தை விரித்தார். எழுதும்போது இந்த மனிதரின் முகம் எப்படி இருக்கும் என்று ஹெட்டா அம்மாள் எட்டு மாதத்தில் முதல் தடவையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.